பிசையாத மாவில் ஸ்டிக்கி பன்: எந்த வழி, எந்தப் பாகு, எந்த டிரே?

ஸ்டிக்கி பன்னும் சின்னமன் ரோல் போலச் சுருட்டி வெட்டுகிற இனிப்பு பன்தான். ஆனால் இதற்கு மேலே ஐசிங் கிடையாது. டிரேயின் அடியில் பாகையும் வால்நட் போன்ற பருப்பையும் பரப்பி, அதன்மேல் சுருள்களை அடுக்கி, வெந்ததும் மொத்தமாகக் கவிழ்க்க வேண்டும். அடியில் இருந்தது மேலே வந்துவிடும். அதனால் மாவு, பாகு, டிரே மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். மாவு தளர்ந்துபோனால் சுருள் பாகுக்குள் அமுங்கும். டிரே சூடேறத் தாமதித்தால் அடிப்பக்கம் பச்சையாக நிற்கும். பாகு முறுகிவிட்டால் பன் எவ்வளவு மெத்தென்று இருந்தும் பயனில்லை.

பிசையாத மாவில் இதைச் செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு, எல்லாவற்றிலும் பன் வரும். யாருக்கு எது ஒத்துவரும் என்பதில்தான் குழப்பம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒரு இரவு கைவசம் இருந்தால் மாவை மாலையில் கலந்து, சுருட்டாமல், மொத்தமாக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் சுருட்டுங்கள். இரவே சுருட்டி டிரேயில் அடுக்கி வைப்பது வேலையை மிச்சப்படுத்துவதுபோலத் தெரியும். அதில் மிச்சமாகும் நேரம் குறைவு, கெடுகிற விஷயங்கள் அதிகம்.

அளவு

23×33 சென்டிமீட்டர், அதாவது 9×13 அங்குல டிரேக்கு 12 பன் வரும். மாவுக்கு வேண்டியவை:

மைதா 500 கிராம்
வெதுவெதுப்பான பால் 310 கிராம்
முட்டை 1 (ஓடு நீக்கி ஏறக்குறைய 50 கிராம்)
சர்க்கரை 60 கிராம்
உருக்கி ஆறவைத்த உப்பில்லாத வெண்ணெய் 70 கிராம்
உப்பு 9 கிராம்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட்: அன்றே செய்வதானால் 7 கிராம், இரவு முழுக்கக் குளிரில் வைப்பதானால் 4 கிராம்

இதைத் தராசில் எடை போட்டுச் செய்யுங்கள். ஒரு கப் மைதாவை எப்படி அள்ளுகிறோம் என்பதைப் பொறுத்து 120 கிராமும் வரலாம், 150 கிராமும் வரலாம். நான்கு கப்புக்கு அந்த வித்தியாசம் 120 கிராம் ஆகிவிடும். பிசையும் மாவில் கையால் தொட்டுப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். இங்கே மாவு தொடக்கத்தில் எப்படியும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், அதனால் கை எதையும் சொல்லாது.

மைதாவின் புரதம் பையில் அச்சிடப்பட்டிருக்கும். 100 கிராமுக்கு 11 முதல் 12 கிராம் இருந்தால் மேலே சொன்ன பால் சரி. 9 அல்லது 10 என்றால் பாலில் 25 கிராம் குறையுங்கள். பிரெட் மாவு பயன்படுத்தினால் 10, 15 கிராம் கூட்டலாம். பன் சற்று இழுபடும், ஆனால் உயரமாக நிற்கும். முட்டை சேர்க்காதவர்கள் அதற்குப் பதில் பால் 40 கிராமும் வெண்ணெய் 10 கிராமும் கூட்டிக்கொள்ளலாம். நிறம் கொஞ்சம் வெளிறும், சுவையில் பெரிய குறை தெரியாது. இன்ஸ்டன்டுக்குப் பதில் சாதாரண உலர் ஈஸ்ட் இருந்தால் கால் பங்கு கூடுதலாக எடுத்து, பாலில் பத்து நிமிடம் ஊறவிட்டுச் சேருங்கள். பால் எதுவானாலும் 40 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். விரல் விட்டால் சூடு உறைக்கக் கூடாது. 55, 60 டிகிரிக்குப் போனால் ஈஸ்ட் செத்துவிடும், அதன்பிறகு எத்தனை மணி நேரம் காத்திருந்தும் மாவு எழும்பாது.

பிசையாமல் எப்படி வலு வருகிறது

மைதாவில் உள்ள புரதங்கள் தண்ணீரைக் குடித்ததும் தாமாகவே ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளத் தொடங்கும். பிசைவது அந்த வேலையை அவசரப்படுத்துகிறது. பிசையாவிட்டால் அதே வேலையைக் காலம் செய்யும். ஈஸ்ட் விடும் காற்றுக்குமிழிகள் விரியும்போது மாவை உள்ளிருந்தே மெல்ல இழுத்துக் கொடுக்கும். அதற்கு மாவில் ஈரம் தாராளமாக இருக்க வேண்டும். இறுகிய மாவில் புரதத்துக்கு நகர இடம் இருக்காது.

பிசையாத ரொட்டியை வீட்டு அடுப்படிகளுக்குப் பரவலாகக் கொண்டுபோனது நியூயார்க் பேக்கர் ஜிம் லேஹியின் செய்முறை. 2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் வந்தது. கால் டீஸ்பூன் ஈஸ்ட், 12 முதல் 18 மணி நேரம் அறை வெப்பத்தில் ஊறல், அவ்வளவுதான். அதை அப்படியே பன்னுக்குப் பெயர்த்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. அது மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும் உள்ள ரொட்டி. நம் மாவில் பாலும் முட்டையும் இருக்கின்றன. அவற்றைப் பதினெட்டு மணி நேரம் வெளியே வைப்பது பாதுகாப்பில்லை. சர்க்கரை தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் ஈஸ்டும் மந்தமாகும், புரதத்துக்குக் கிடைக்கும் ஈரமும் குறையும். வெண்ணெய் புரத இழைகளின் மேல் பூசிக்கொண்டு பின்னலைத் தடுக்கும். ஆகவே இனிப்பு மாவுக்கு மூன்று ஈடுகள் தேவை: ஈஸ்ட் அதிகம், நடுநடுவே மடிப்பு, நீண்ட நேரத்துக்கு அறைக்குப் பதில் ஃபிரிட்ஜ்.

மடிப்பை விளக்கமாகச் சொல்ல வேண்டும், பலரும் தவிர்த்துவிடும் கட்டம் அது. பால், முட்டை, வெண்ணெய், சர்க்கரையை அகலமான கிண்ணத்தில் கலக்கி, மைதா, ஈஸ்ட், உப்பைக் கொட்டி, மரக்கரண்டியால் கிளறுங்கள். உலர்ந்த மாவு எங்கும் தெரியாமல் போனால் நிறுத்திவிடலாம். கலவை சொரசொரவென்று, கரண்டியை எடுத்தால் பிய்ந்து பிய்ந்து வரும். மூடி 30 நிமிடம் விடுங்கள். பிறகு கையை நனைத்து, ஓரத்தில் ஒரு பிடியை மேலே இழுத்து நடுவில் மடியுங்கள். கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பி அடுத்த பிடி. எட்டுப் பிடியில் ஒரு சுற்று முடியும். முதல் சுற்றில் மாவு இரண்டு அங்குலம் நீள்வதற்குள் அறுந்துவிடும். அரை மணி கழித்து இரண்டாவது சுற்றில் அதே மாவு ஒரு சாண் இழுபட்டும் அறாது, மேல்பரப்பு வழவழப்பாகியிருக்கும். மூன்றாவது சுற்றில் உருண்டையாகத் திரண்டு நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமலும் பன் வரும், ஆனால் சுருளின் அடுக்குகள் பிரிந்து இழையாக வராமல் கேக் போல உதிரும்.

ஐந்து வழிகள்

*அன்றே செய்து அன்றே சாப்பிடுவது.* ஈஸ்ட் 7 கிராம். கலந்து மூன்று மடிப்பு முடிய ஒன்றரை மணி நேரம், பிறகு இரட்டிப்பாக இன்னும் அரை மணி முதல் ஒரு மணி. இதற்கு மேல் ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைத்தே தீர வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். குளிராத மாவு கட்டையிலும் மேடையிலும் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மைதா தூவுவார்கள். ஐம்பது அறுபது கிராம் மைதா சத்தமில்லாமல் உள்ளே போய்விடும், பன் அன்று மாலையே காய்ந்துவிடும். மாவு ஒட்டினால் மைதாவைத் தேடாமல் ஃபிரிட்ஜைத் திறங்கள். மொத்தத்தில் கலப்பதிலிருந்து கவிழ்ப்பது வரை ஐந்து முதல் ஆறு மணி நேரம். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் பிற்பகல் மூன்றுக்குத் தட்டில். விருந்தினர் மாலையில் வருகிறார்கள் என்றால் இது போதும். சுவை நன்றாகவே இருக்கும், அடுத்த வழியின் ஆழம் மட்டும் இருக்காது.

*இரவு மொத்தமாகக் குளிரில்.* ஈஸ்ட் 4 கிராம். மாலையில் கலந்து மூன்று மடிப்பு போட்டு, மாவு ஒன்றரை மடங்கானதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். எட்டு மணி நேரம் குறைந்தபட்சம், 24 மணி நேரம் சௌகரியமான எல்லை. இரண்டு நாள் வரை தாங்கும், அதற்குமேல் புளிப்பு ஏறும், மாவின் பிடிப்பு தளரும். குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் புரதப் பின்னலும் மணத்தைத் தரும் மாற்றங்களும் தொடரும். வெண்ணெய் இறுகிவிடுவதால் காலையில் மாவு களிமண்ணைப் போல் சொன்னபடி கேட்கும். மேடையில் இரண்டு சிட்டிகை மைதா தூவினால் போதும். வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடமே தேய்க்கலாம். அறை வெப்பத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தால் இந்த லாபம் போய்விடும். காலையில் சுருட்டி வெட்ட 25 நிமிடம், உப்ப ஒன்றரை மணி நேரம், வேக 35 நிமிடம். ஏழு மணிக்கு எடுத்தால் பத்துக்குள் சாப்பிடலாம்.

*இரவே சுருட்டி டிரேயில்.* இதற்கும் ஈஸ்ட் 4 கிராம்தான், ஆனால் மாலையில் மாவை நன்றாக உப்பவிட்டு, கொஞ்சம் குளிர வைத்துச் சுருட்டி, பாகு பரப்பிய டிரேயில் அடுக்கி, மூடி ஃபிரிட்ஜில் வைப்பது. காலையில் வெளியே எடுத்து ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் விட்டு, ஓவனில் வைக்கலாம். கணக்குப் பார்த்தால் முந்தைய வழியைவிட மிச்சமாவது சுருட்டும் 25 நிமிடமும் மேலும் கொஞ்சமும்தான். அந்த மிச்சத்துக்கு என்ன விலை? சுருளுக்குள் பூசும் பூரணத்தில் உள்ள சர்க்கரை இரவு முழுக்க மாவிலிருந்து ஈரத்தை உறிஞ்சி நீர்த்துவிடும், காலையில் சுருளின் அடுக்குகளுக்கு நடுவே சாறு வடிந்து கீழே இறங்கியிருக்கும். பாகும் வெண்ணெயும் டிரேயின் அடியில் கல்லாக இறுகிக் கிடக்கும். ஓவனில் அது உருகிச் சூடேறிய பிறகே சுருளின் அடிக்குச் சூடு போகும். அதற்குள் மேற்பக்கம் சிவந்துவிடும். கவிழ்த்ததும் மேலே வரும் பகுதி வெளிறி, ஈர மாவாக நிற்கும் புகார் பெரும்பாலும் இந்த வழியில்தான் எழுகிறது. வீடு நிறைய ஆள் இருந்து, காலையில் மேடையில் மைதா தூவவே இடமில்லை என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது பூரணத்தில் ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளோர் சேருங்கள், உலோக டிரேயையே பயன்படுத்துங்கள், வேகும் நேரத்தில் ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

*மிக்சரில் பிசைவது.* 10 முதல் 12 நிமிடம் நன்றாகப் பிசைந்த மாவின் இழை இன்னும் நேர்த்தியாக, நீளமாக, கிழித்தால் பஞ்சு போல வரும். அதை மறுக்க முடியாது. வெண்ணெயை மைதாவின் எடையில் கால் பங்குக்கு மேல் சேர்க்க விரும்பினால் பிசைந்தே ஆக வேண்டும், பிசையாத முறை அவ்வளவு கொழுப்பைத் தாங்காது. நம் அளவில் வெண்ணெய் 14 சதவீதம்தான், அங்கே பிசைவதால் கிடைக்கும் கூடுதல் லாபம் சிறியது. பாகில் ஊறிய பன்னில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். ஸ்டேண்ட் மிக்சர் இல்லாதவர்கள் அதற்காக ஏங்க வேண்டியதில்லை.

*பேக்கிங் பவுடர் மாவு.* ஈஸ்டே இல்லாமல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சூடாகச் சாப்பிட்டால் ருசிதான். ஆனால் இந்த மாவு உதிரி வகை. பாகு உள்ளே இறங்கியதும் பிடிப்பு விட்டு நொறுங்கும், ஆறினால் கனக்கும். கவிழ்க்கும்போது ஓரச் சுருள்கள் உடையவும் வாய்ப்பு அதிகம். ஐசிங் ஊற்றும் ரோலுக்கு இதை வைத்துக்கொள்ளலாம், ஸ்டிக்கி பன்னுக்கு வேண்டாம்.

சுருட்டும்போது

பூரணம்: கரைந்து ஓடாமல் வெறும் மென்மையாக இருக்கும் வெண்ணெய் 60 கிராம், பிரவுன் சுகர் 120 கிராம், பட்டைத்தூள் ஒரு டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயை உருக்கிப் பூசுவது வேகமாகத் தோன்றும், ஆனால் அடுக்குகள் வழுக்கி, வெட்டும்போது சர்க்கரை வெளியே பிதுங்கும்.

மாவை 45×30 சென்டிமீட்டர் செவ்வகமாகத் தேயுங்கள். 45 பக்கத்தை உங்களை நோக்கி வைத்து, எதிர் ஓரத்தில் ஒரு விரற்கடை பூரணமில்லாமல் விட்டு, உங்கள் பக்கமிருந்து சுருட்டிப் போங்கள். சுருள் தளர்வாக இருந்தால் வெந்தபின் அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை விழும். இறுக்கிச் சுற்றினாலும் தொல்லைதான், விரிய இடமில்லாமல் நடுப்பகுதி கோபுரமாக மேலே தள்ளிக்கொண்டு வரும், கவிழ்த்தால் பன் ஆடும். காற்றிடைவெளி இல்லாமல் ஒட்டினாற்போல் இருந்தால் போதும், இழுத்துச் சுற்ற வேண்டாம்.

வெட்டுவதற்குக் கத்தியைவிட நூல் மேல். வாசனையில்லாத பல் இடுக்கு நூலோ தடித்த தையல் நூலோ சுருளுக்கு அடியில் கொடுத்து, மேலே குறுக்காக மாற்றிப் பிடித்து இழுத்தால் வட்டம் கெடாமல் அறுபடும். கத்திதான் இருக்கிறது என்றால் ரம்பப் பல் உள்ளதை அழுத்தாமல் ஓட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் 3.75 சென்டிமீட்டர். முதலில் பாதியாக, பிறகு கால்களாக, ஒவ்வொரு காலையும் மூன்றாக வெட்டினால் 12 சமமாக வரும்.

டிரேயில் 3×4 ஆக அடுக்கும்போது இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். 26, 27 டிகிரி அறையில் உப்பியதும் ஒன்றையொன்று தொடும். விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி மட்டும் எழ வேண்டும். சட்டென்று எழுந்தால் இன்னும் நேரம் வேண்டும். எழவே இல்லையென்றால் தாண்டிவிட்டது, உடனே ஓவனில் வையுங்கள், மேலும் காத்தால் பாகுக்குள் சரியும்.

எந்தப் பாகு?

மூன்று வகை நடைமுறையில் உள்ளன.

முதலாவது, அடுப்பே பற்றவைக்காமல் மென்மையான வெண்ணெய், பிரவுன் சுகர், தேனைக் குழைத்து டிரேயில் பூசுவது. ஐந்து நிமிட வேலை. பிரச்சினை ஈரம். இந்தக் கலவையில் தண்ணீர் மிகக் குறைவு, அதனால் சில மூலைகளில் சர்க்கரை கரையாமல் நறநறவென்று நிற்கும், சில இடங்களில் சீக்கிரமே முறுகும். இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரோ கிரீமோ சேர்த்துக் குழைத்தால் இந்த இரண்டும் பெருமளவு தீரும்.

இரண்டாவது, உருக்கிய பிரவுன் சுகர் பாகு. வெண்ணெய் 115 கிராம், பிரவுன் சுகர் 150 கிராம், தேன் 60 கிராம், ஃபிரெஷ் கிரீம் 45 கிராம், உப்பு அரை டீஸ்பூன். சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம், எல்லாம் ஒன்றாகி வழவழப்பாகும் வரை கிளறினால் போதும். கொதிக்க விடாதீர்கள். கொதிக்க வேண்டிய கொதியெல்லாம் ஓவனில் நடக்கும், இங்கேயே ஈரத்தை ஆவியாக்கிவிட்டால் அங்கே முறுகும். டிரேயில் ஊற்றி, லேசாக வறுத்த வால்நட் அல்லது பீக்கன் 120 கிராம் தூவி, பாகு கைச்சூட்டுக்கு ஆறிய பிறகே சுருள்களை வையுங்கள். சூடான பாகின் மேல் வைத்தால் அடியிலிருக்கும் ஈஸ்ட் வெந்துவிடும்.

தேன் அங்கே இனிப்புக்காக மட்டும் இல்லை. வெறும் சர்க்கரைப் பாகு ஆறும்போது பூத்துப்போகும், பன்னின் மேல் வெள்ளையாக மணல் போலத் தெரியும். தேனில் உள்ள குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் நடுவில் புகுந்து சர்க்கரை மறுபடி படிகமாவதைத் தடுக்கும். கார்ன் சிரப், கோல்டன் சிரப் இரண்டும் இதே வேலையைச் செய்யும். கார்ன் சிரப்புக்குத் தனிச் சுவை கிடையாது, பட்டையும் பருப்பும் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் அது நல்லது. தேன் மணம் தரும், ஆனால் ஃபிரக்டோஸ் சீக்கிரம் கருகும் என்பதால் ஓவனை 175 டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. தேனை 60 கிராமிலிருந்து நூறுக்குக் கொண்டுபோனால் பாகு இறுகாமல் வழிந்தோடும்.

மூன்றாவது, வெள்ளைச் சர்க்கரையைக் கேரமலாக்கிச் செய்வது. சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 50 கிராம், பொன்னிறம் தாண்டி இளம்பழுப்பாகும்போது இறக்கி, வெதுவெதுப்பான கிரீம் 120 கிராமும் வெண்ணெய் 60 கிராமும் உப்பும் சேர்ப்பது. இலேசான கசப்போடு கூடிய ஆழமான சுவை இதில்தான் கிடைக்கும், இனிப்பும் திகட்டாது. ஆனால் கவனிக்க வேண்டியது நிறைய. கிளறினால் பூக்கும், பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரை விழுந்தாலும் பூக்கும், குளிர்ந்த கிரீம் ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். நிறம் முழுதாக வரும்வரை அடுப்பிலேயே வைத்திருந்தால் ஓவனில் கருகிவிடும். பாகு பதம் பார்த்துப் பழக்கமுள்ளவர்களுக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். முதல் தடவை பன் செய்பவர் மாவு, பாகு இரண்டையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ள வேண்டாம். அவருக்கு இரண்டாவது வகையே போதும், அதில் தப்பு நடக்க இடம் குறைவு.

எந்தப் பாகானாலும் கடைசியில் அதன் இறுக்கத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு ஈரம் மிச்சமிருக்கிறது என்பதே. ஓவனில் பாகு 112 முதல் 116 டிகிரிக்குள் நின்றால், அதாவது தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வரும் பதத்தில், ஆறியபின் பன்னில் ஒட்டிக்கொண்டு இழுபடும். 120ஐத் தாண்டினால் மிட்டாய். பன் வேகவில்லையே என்று மேலும் பத்து நிமிடம் வைக்கும்போது நடப்பது இதுதான். ஆகவே பாகு கெட்டியாகிப் போகிறது என்றால் தவறைப் பாகில் தேடுவதற்கு முன் டிரேயையும் ஓவன் தட்டையும் பாருங்கள்.

டிரே

வெளிர் நிற அலுமினிய டிரே எல்லா வகையிலும் பாதுகாப்பான தேர்வு. சீக்கிரம் சூடேறும், சமமாகப் பரப்பும், வெளியே எடுத்ததும் ஆறத் தொடங்கும். கறுப்பு நான்ஸ்டிக் டிரே சூட்டை அதிகம் உறிஞ்சும், அதில் வெப்பத்தை 10, 15 டிகிரி குறைக்காவிட்டால் ஓரப் பாகு கருகும். கண்ணாடி டிரேயில் அடிநிறம் கண்ணுக்குத் தெரியும் என்ற ஒரு வசதி உண்டு. ஆனால் சூடேற நேரமாகும், சூடு இறங்கவும் நேரமாகும், வெளியே எடுத்த பிறகும் பாகை வேகவைத்துக்கொண்டே இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து நேராகச் சூடான ஓவனுக்குப் போனால் விரிசல் விடவும் கூடும், இரவே சுருட்டி வைப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். வார்ப்பிரும்பு வாணலியில் அருமையான நிறம் வரும், ஆனால் கனத்தால் கவிழ்ப்பது ஆபத்து. அடி கழற்றும் டின்களில் பாகு ஒழுகி ஓவன் தரையில் எரியும்.

உயரம் ஐந்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குட்டையான டிரேயில் பாகு பொங்கி வழியும்.

வேகவைத்துக் கவிழ்ப்பது

175 டிகிரி, ஓவனின் கீழ்த்தட்டு. கீழ்த்தட்டு என்பது முக்கியம், ஏனென்றால் நமக்கு நிறம் வேண்டியது அடியில். டிரேக்குக் கீழே, இன்னொரு தட்டில், வழிவதைப் பிடிக்க ஒரு தகடு வையுங்கள். நேராக டிரேயின் அடியிலேயே ஒட்டி வைத்தால் சூடு தடைபடும். 20 நிமிடத்தில் மேற்பக்கம் சிவந்திருந்தால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடிவிட்டு மேலும் 10 முதல் 15 நிமிடம். நடுச் சுருளின் மையத்தில் தெர்மாமீட்டர் 90 டிகிரி காட்ட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஓரங்களில் பாகின் குமிழியைப் பாருங்கள். முதலில் தண்ணீர் போலச் சின்னச் சின்னதாகக் கொதிக்கும். தயாரானதும் குமிழி பெரிதாகி, சோம்பலாக எழுந்து உடையும். நடு இரண்டு பன்களின் இடுக்கை முட்கரண்டியால் விலக்கினால் பச்சை மாவின் பளபளப்பு தெரியக் கூடாது.

எடுத்ததும் ஐந்து நிமிடம் காத்திருங்கள். உடனே கவிழ்த்தால் பாகு நீர்போல ஓடிப் பன்னை விட்டு இறங்கிவிடும், பத்து நிமிடத்துக்கு மேல் போனால் டிரேயிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் டிரேயின் அடியை அடுப்பில் சிறு தீயில் அரை நிமிடம் காட்டினால் இளகும் (கண்ணாடி டிரேயை அடுப்பில் வைக்கக் கூடாது, ஓவனில் இரண்டு நிமிடம் திருப்பி வையுங்கள்). ஓரத்தைச் சுற்றிக் கத்தியை ஓட்டி, டிரேயைவிடப் பெரிய, விளிம்புள்ள தட்டை மேலே கவிழ்த்துப் பிடித்து, ஒரே வீச்சில் திருப்புங்கள். முழங்கை வரை மூடிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கொதிநீர் பட்டால் வழிந்துவிடும், பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். திருப்பியபின் டிரேயை ஒரு நிமிடம் எடுக்காமல் விட்டால் மிச்சப் பாகும் இறங்கும். அடியில் தங்கிய பருப்பைக் கரண்டியால் வழித்துப் பன்மேல் வையுங்கள்.

மறுநாளுக்கும் வேண்டுமென்றால்

இங்கே இன்னொரு தேர்வு இருக்கிறது. மொத்த அளவிலிருந்தே 25 கிராம் மைதாவையும் 125 கிராம் பாலையும் எடுத்து, சிறு தீயில் 65 டிகிரி வரும்வரை, கரண்டியின் தடம் பாத்திரத்தில் நிற்கும் கூழாகும்வரை கிளறி, ஆறவைத்து, மற்ற ஈரப் பொருட்களோடு சேர்க்கலாம். சூட்டில் மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பன் இரண்டு நாள் மெத்தென்று இருக்கும். மாவும் கையில் குறைவாக ஒட்டும். பத்து நிமிடம் கூடுதல் வேலை. சுட்ட சூட்டில் எல்லாம் தீர்ந்துவிடும் வீட்டில் இது தேவையில்லை.

மீந்ததை மூடிய டப்பாவில் அறை வெப்பத்தில் ஒரு நாள் வைக்கலாம். வெந்த பன்னை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில்தான் ரொட்டி மிக வேகமாக விறைக்கும். அதிக நாள் வேண்டுமானால் தனித்தனியே சுற்றி ஃபிரீசரில் வைத்து, 150 டிகிரியில் தாளால் மூடி 12 முதல் 15 நிமிடம் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் என்றால் ஒரு பன்னுக்கு 20, 30 விநாடி. அதைத் தாண்டினால் பாகு கொதித்து, ஆறும்போது கல்லாகிவிடும்.